ரீச்சரின் முகமும் எண்பது வீத அசிட்டும்

பரந்தனுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்த ஜெயரூபினி, வருசத்துக்கு ஒருதரம் ஒரு வசனத்தைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடு போடுவாள்: "தண்ணீருக்குள் அமிலத்தை விடலாம். அமிலத்துக்குள் தண்ணீரை விடக் கூடாது." பதினான்கு வருசமாக இதுதான். இடம்பெயர்ந்துபோய் மரத்தடியில் வகுப்பு நடந்த நாளில்கூட, கரும்பலகை இல்லாமல் வாயால் சொல்லி, இரண்டு கோட்டுக்குப் பதிலாக இரண்டு தரம் சொன்னவள். அப்படிப்பட்டவள் 2003ஆம் ஆண்டு தன் முகத்தைத் தானே அவித்துக்கொண்டாள். இதை வேறு ஆரும் செய்திருந்தால் "விஞ்ஞானம் படிக்காத சனம்" என்று சொல்லி ஒரு பெருமூச்சு விட்டிருப்பாள். அந்த வசதியும் அவளுக்கு இல்லாமற் போய்விட்டது.

அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. தொண்ணூற்றாறில் வெயிலுக்குள் அலைந்து திரிந்ததாலோ, அதற்கடுத்து மகன் பிறந்ததாலோ, இரண்டு கன்னத்திலும் கறுத்த திட்டு விழுந்திருந்தது. வலப்பக்கம் சின்னன். இடப்பக்கம் மேலே அகன்று கீழே ஒடுங்கி, அசல் ஆபிரிக்கா. "ஆபிரிக்கா வருது" என்று பிள்ளைகள் குசுகுசுப்பதை அவள் கேட்டிருக்கிறாள். கோபம் வரவில்லை. படம் சரியாகத்தானே இருந்தது.

சண்டை நின்று, பாதை திறந்து சனம் போய்வரத் தொடங்கிய நேரம் லண்டனில் இருந்து அற்புதம் மச்சாள் வந்தா. ஜெயரூபினியின் புருசன் தோமஸின் தமக்கை. ஐம்பத்திரண்டு வயது, ஆனால் முகம் கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி. கைப்பையில் இருந்து ஒரு விரல் உயரப் போத்தலை எடுத்து, நாலு துளியை உள்ளங்கையில் விட்டு, பூசை செய்கிற பக்குவத்தோடு கன்னத்தில் தட்டினா.

"உதென்ன மச்சாள்?"

"சீரம். தோலின்ர பழைய படையை மெல்ல மெல்லக் கழட்டிப்போடும். திட்டுக்கும் நல்லது, ரூபி."

ஜெயரூபினி போத்தலை வாங்கி, பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். தண்ணீர். லக்டிக் அசிட். கிளிசரின். பிறகு நாலைந்து பெயர்கள். அவளுக்கு ஒரு மாதிரிச் சிரிப்பு வந்தது. லக்டிக் அசிட் என்றால் புளித்த பாலில் இருக்கிற அமிலம். கிளிசரின் எந்த மருந்துக்கடையிலும் இருக்கும். தண்ணீர் கிணற்றில் இருக்கிறது. இதற்குப் போய் லண்டனோ? இது பத்தாம் வகுப்புப் பாடமல்லோ!

அந்தப் பெருமைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

மச்சாள் போகும்போது போத்தலோடு வந்த துண்டுக் காகிதத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். போத்தலைக் கேட்க ரோசம் விடவில்லை.

முதலில் தயிரில் தொடங்கினாள். தயிரை வடித்து, அந்தத் தண்ணீரைப் பூசிக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தாள். கால் மணித்தியாலத்தில் ஊரில் உள்ள இலையான் எல்லாம் மொய்த்துக்கொண்டு அவளிடம் பாடம் கேட்க வந்துவிட்டது. தயிர் சரிவராது, சுத்தமான அமிலம்தான் வேணும் என்று கொப்பியில் எழுதினாள். அதற்கென்று தனிக் கொப்பி போட்டிருந்தாள்.

வவுனியாவில் ஸஹீலா இருந்தாள். முல்லைத்தீவில் ஜெயரூபினியோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போக வேண்டிவந்து, இப்போதுதான் வவுனியா வரைக்கும் திரும்பி ஒரு ஃபான்சிக் கடை போட்டிருந்தாள். பதின்மூன்று வருசத்துக்குப் பிறகு சந்தித்த சிநேகிதியிடம் ஜெயரூபினி கேட்ட முதல் உதவி, "கொழும்பில அசிட் எடுக்கலாமோ?"

ஸஹீலா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஆருக்கு ஊத்த?"

"எனக்குத்தான். முகத்துக்கு."

"யா அல்லாஹ்! பவுடர் தாறன், அதைப் போட்டுக்கொண்டு போ ரூபி."

என்றாலும், கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போன தம்பியிடம் சொல்லி, இரசாயனக் கடையில் இருந்து அரை லீற்றர் போத்தல் ஒன்று எடுப்பித்துக் கொடுத்தாள். 'லக்டிக் அசிட் 80%' என்று ஒட்டியிருந்தது.

அதைக் கொண்டுவந்த நாள், பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பிக்கிற விமலேஸ்வரி அக்காவும் அதே பஸ்ஸில் வந்தா. ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கிப் பையைக் கொட்டிப் பார்த்தபோது போத்தல் உருண்டு வந்தது. 'அசிட்' என்ற எழுத்தைக் கண்டதும் சோதித்துக்கொண்டிருந்த பெண் சிப்பாய் இரண்டு அடி பின்வாங்கினாள். ஜெயரூபினிக்குத் தெரிந்த சிங்களம் மொத்தம் பத்துச் சொல். அதில் மூன்றை எடுத்து, "கிரி... எம்புல்... மூனட்ட" என்றாள். பால், புளிப்பு, முகத்துக்கு. சொல்லிக்கொண்டே தன் ஆபிரிக்காவைத் தொட்டுக் காட்டினாள். சிப்பாய்ப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் நெற்றியில் இருந்த பருக்களைத் தொட்டு, இதுக்கும் போகுமோ என்று சைகையால் கேட்டாள். "ஓம், ஓம்," என்று ஜெயரூபினி இன்னும் செய்தே பாராத மருந்துக்கு உத்தரவாதம் கொடுத்தாள். போத்தல் பைக்குள் போனது. இந்தப் பக்கம் புலிகளின் சாவடியில் வரி எழுதின பிள்ளை பழைய மாணவி. "ரீச்சர், இதை அழகுப்பொருள் எண்டு போடவோ, இரசாயனம் எண்டு போடவோ?" என்று கேட்டாள். வரிசையில் நிற்கிற சனம் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. "ஆய்வுகூடப் பொருள் எண்டு போடும்," என்றாள் ரீச்சர், மிடுக்காக.

சனிக்கிழமை குசினியில் வேலை தொடங்கியது. எண்பது வீத அமிலத்தில் ஐந்து மில்லிலீற்றர், கொதித்து ஆறிய தண்ணீரும் கிளிசரினும் சேர்த்து எழுபத்தைந்து. ஐந்து வீதம் வரும். கணக்கைக் கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டாள். வயலுக்குப் போகப் புறப்பட்ட தோமஸைக் கூப்பிட்டாள்.

"இஞ்சேரப்பா, நான் தண்ணியைக் கலக்கிக்கொண்டு நிக்கிறன். நீங்கள் அசிட்டை மெல்ல மெல்ல ஊத்துங்கோ."

தோமஸ் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்து பரந்தன் வயலுக்கு வந்த மனுசன். ஒரு நாளைக்கு நாலு சொல் பேசினால் அது திருநாள். ஊற்றினார். மூடியைப் பூட்டினார். போகும்போது மட்டும், "பரந்தன் பக்டரி திரும்பத் திறந்திட்டினம் போல," என்றார். பழைய இரசாயனத் தொழிற்சாலை மூடிக்கிடந்து எத்தனையோ வருசம். அன்றைக்கு அது அவருக்கு இரண்டு நாள் பேச்சு.

துண்டுக் காகிதத்தில் பீஎச் மூன்றரைக்கும் நாலுக்கும் இடையில் இருக்கவேணும் என்று போட்டிருந்தது. அதாவது புளிப்பு இவ்வளவுதான் இருக்கலாம் என்ற அளவு. அதை அளக்கிற தாள் பள்ளிக்கூடத்தில் இல்லை. பாசிச்சாயத்தாள்தான் இருந்தது. நீலத்தாளை அமிலத்தில் தோய்த்தால் சிவக்கும். எவ்வளவு அமிலம் என்று சொல்லாது. தோய்த்தாள். சிவந்தது. "சரி," என்றாள். தேத்தண்ணி சுடுகிறதோ என்று கேட்டவனுக்கு, ஓம், அது தேத்தண்ணிதான் என்று பதில் சொன்ன மாதிரி. அதே காகிதத்தின் கடைசி வரியில், பூசுகிற நாட்களில் வெயில் படாமல் முகத்தைக் காக்கவேணும் என்றும் இருந்தது. அது வெள்ளைக்காரருக்குச் சொன்னது என்று விட்டுவிட்டாள்.

ஒரு கிழமை ஒழுங்காகப் பூசினாள். மெல்லிய எரிவு. வேறொன்றும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பரிசளிப்பு விழா. நன்றியுரை அவளுடையது. மேடையில் ஆபிரிக்காவோடு நிற்க மனமில்லை. புதன்கிழமை பின்னேரம் கொப்பியை எடுத்து ஒரு கணக்குப் போட்டாள். ஐந்து வீதத்துக்கு நாலு கிழமை வேண்டுமென்றால், இருபது வீதத்துக்கு ஒரு கிழமை. முன்னமே ஒரு கிழமை போய்விட்டது, ஆகவே கிட்டத்தட்ட உடனடி. இந்தக் கணக்கை ஒரு மாணவன் எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் வெட்டி, பெற்றோரையும் கூப்பிட்டிருப்பாள்.

இருபது வீதம் கலந்து பூசினாள். சுரீர் என்றது. 'வேலை செய்யுது' என்று சந்தோசப்பட்டாள். பத்து நிமிசத்தில் கழுவுவது என்றுதான் நினைத்திருந்தாள். அதற்குள் மகன் கணக்குக் கேட்டு வந்தான். கடன் வாங்கிக் கழிப்பதை அவனுக்கு விளங்கப்படுத்தி முடிக்க முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. மற்ற நாள் காலையில் முகம் கொஞ்சம் சிவந்து பளபளத்தது. கண்ணாடியில் பார்த்து, வடிவாய்த்தான் இருக்கு என்று முடிவெடுத்து, நாலு கட்டை தூரம் வெயிலில் சைக்கிள் ஓடிப் பள்ளிக்கூடம் போனாள். திரும்பியும் ஓடினாள்.

வெள்ளிக்கிழமை விடிய முகம் பொரித்த அப்பளம். கன்னம் இரண்டும் வெடித்து, உரிந்து, தொட ஏலாமல் எரிந்தது. ஆபிரிக்கா போகவில்லை. பக்கத்துக் கண்டங்களையும் சேர்த்துக்கொண்டு மூக்கடி வரைக்கும் வந்திருந்தது.

அதிபர் பதறிப்போய், "என்ன ரீச்சர் இது?" என்றார்.

"தாளிக்கேக்க எண்ணெய் தெறிச்சிட்டுது, சேர்."

அதோடு முடிந்திருக்கும். ஆனால் விமலேஸ்வரி அக்கா இருபது வருசம் சமையல் படிப்பித்தவா. எண்ணெய் தெறித்தால் புள்ளி புள்ளியாக விழும், இப்படிப் பூசி மெழுகின மாதிரி வராது என்று அவாவுக்குத் தெரியும். ஓமந்தையில் உருண்ட போத்தலும், அது ஆய்வுகூடப் பொருள் என்று ரூபி சொன்னதும் நினைவிருந்தது. இடைவேளையில் ஜெயரூபினியை மனையியல் அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினா.

"ரூபி, எனக்கு மறைக்க வேண்டாம். அது எண்ணெய் இல்லை. அசிட்."

ஜெயரூபினிக்கு வெட்கத்தில் தலை குனிந்தது. இந்த வயதில் முகத்துக்கு மினுக்கம் தேடினது அக்காவுக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தாள்.

"ஓம் அக்கா. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ."

"எவ்வளவு நாளா நடக்குது?"

"ஒரு கிழமைக்கு மேலை."

"தோமஸுக்கு..."

"அவருக்கு எல்லாம் தெரியும். அவர்தானே ஊத்தினவர்."

விமலேஸ்வரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டா. கண் கலங்கிவிட்டது. "ஏன் பிள்ளை பொறுத்துக்கொண்டிருக்கிறீர்?"

"என்ன செய்யிறது அக்கா, ஆசைதான்," என்றாள் ஜெயரூபினி.

அக்கா அவளைக் கட்டிப்பிடித்து அழுதா. ஒரு சீரத்துக்கு இவ்வளவு அழுகையோ என்று ஜெயரூபினிக்கு அதிசயமாக இருந்தது. ஆனாலும் நல்ல மனுசி என்று நினைத்துக்கொண்டு, முகத்தைச் சேலைத்தலைப்பால் மறைத்தபடி நன்றியுரையைப் படித்து முடித்தாள். சபையில் இருந்த பெண்கள் எல்லாம் அவளை ஏன் அவ்வளவு இரக்கமாகப் பார்த்தார்கள் என்பது மற்ற நாள்தான் விளங்கியது.

சனிக்கிழமை காலை மாதர் சங்கத் தலைவி தங்கம்மா, விமலேஸ்வரி அக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு படலையைத் திறந்து வந்தா. தங்கம்மா குரல் உயர்த்திப் பேசுகிறவா அல்ல. அவா வந்தால் குடித்துவிட்டு அடிக்கிற ஆம்பிளையள் பின்வேலியால் போவார்கள். தோமஸ் முற்றத்தில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"தம்பி, நேர கேக்கிறன், நேர சொல்லவேணும். அசிட் ஊத்தினது நீங்களோ?"

"ஓம்," என்றார் தோமஸ்.

நாலு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இவ்வளவு சுகமாக ஒருத்தனும் ஒத்துக்கொண்டதில்லை.

"ஏன் ஊத்தினனீங்கள்?"

"அவா சொன்னவா. மெல்ல மெல்ல ஊத்தச் சொன்னவா."

"மெல்ல மெல்லவோ! கடவுளே!" என்று விமலேஸ்வரி அக்கா நெஞ்சில் கைவைத்தா.

குசினிக்குள் நின்ற ஜெயரூபினிக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. கையில் இருந்த அகப்பையோடு ஓடிவந்தாள். "ஐயோ அக்கா, அவர் தண்ணிக்குள்ள ஊத்தினவர்! நான்தான் முகத்தில பூசினனான்! வடிவா வரவேணும் எண்டு நானேதான் பூசினனான்!"

தங்கம்மா அசையவில்லை. "பிள்ளை, புருசனைக் காப்பாத்த எல்லாரும் ஏதாவது சொல்லுவினம். கிணத்தில விழுந்தனான், படியில சறுக்கினனான். அசிட்டை நானே பூசினனான் எண்டு சொன்னது நீர்தான் முதல் ஆள்."

ஜெயரூபினி உள்ளே ஓடி, போத்தலையும் லண்டன் காகிதத்தையும் கொண்டுவந்தாள். தங்கம்மா நம்புகிற மாதிரித் தெரியவில்லை. வேறு வழி இல்லாமல் கொப்பியையும் கொடுத்தாள். தங்கம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முற்றத்தில் நின்றபடி உரத்து வாசித்தா.

"முதலாம் நாள். எரிவு இல்லை. மாற்றம் இல்லை. மூன்றாம் நாள். இடக் கன்னம் சற்று மங்கியதுபோல் தெரிகிறது. கண்ணாடியைத் துடைத்த பின் அப்படித் தெரியவில்லை. ஐந்தாம் நாள். வடிவு கூடியிருக்கிறது. அவரிடம் கேட்டேன். எதைப் பற்றிக் கேட்கிறாய் என்றார்..."

அதற்கு மேல் தங்கம்மாவால் வாசிக்க முடியவில்லை. வந்த ஆட்களுக்குச் சிரிப்பு ஏறி, ஒருத்தி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றா. விமலேஸ்வரி அக்கா அழுகிறாவா சிரிக்கிறாவா என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. தங்கம்மா கொப்பியை மூடித் தோமஸிடம், "தம்பி, குறை நினைக்காதையுங்கோ," என்றா. தோமஸ், "இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்," என்றார். அன்றைக்கும் அவருக்குத் திருநாள்தான்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் போனபோது முப்பத்திரண்டு முகங்களும் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தன. இனி மறைக்க ஒன்றும் இல்லை. சோக்கை எடுத்து, "அமிலம் தோலில் பட்டால் செய்யவேண்டியவை" என்று தலைப்பு எழுதினாள். பிறகு, "செய்யக் கூடாதவை" என்று எழுதி, திரும்பி நின்று தன் கன்னத்தைக் காட்டினாள். சிரித்து முடிய ஐந்து நிமிசம் எடுத்தது. அந்தப் பாடத்தில் அந்த வருசம் ஒருத்தரும் பிழை விடவில்லை என்று அவளே சொல்லுவாள். அதை வெற்றிக் கணக்கில் சேர்ப்பதா இல்லையா என்று அவளுக்கு இன்றைக்கும் முடிவில்லை.

முகம் ஆற இரண்டு மாதம் சென்றது. ஆபிரிக்கா பழைய எல்லைக்குத் திரும்பியது. போத்தலை ஊற்றிவிடச் சொன்னாள். தோமஸ் ஒரு பொருளை எறிகிற ஆள் அல்ல. அவருடைய குதிக்கால் இரண்டும் வயலில் நின்று நின்று வெடித்து, ஐந்து சதக் குற்றிக் காசு செருகலாம் போல் இருக்கும். மிஞ்சிக்கிடந்த ஐந்து வீதத்தை ஒருத்தருக்கும் சொல்லாமல் பின்னேரங்களில் அதில் தடவி வந்திருக்கிறார். ஒருநாள் அவர் தின்றுவிட்டுக் காலை நீட்டி இருக்கும்போது ஜெயரூபினி கண்டாள். வெடிப்பு மூடி, குதி பிள்ளைகளின் குதி மாதிரி இருந்தது.

"இதென்னப்பா?"

"முகத்துக்குத்தானே சரிவரேல்லை," என்றார்.

கொப்பியில் புதுப்பக்கம் திறந்தாள். இந்தமுறை ஸஹீலாவிடம் சொல்லி பீஎச் தாள் எடுப்பித்தாள். அளந்து பார்த்தால், முந்தின கலவை தேசிக்காய்த் தண்ணியளவு புளிப்பு. அப்பச்சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு நாலுக்குக் கொண்டுவந்தாள். ஆருக்குக் கொடுத்தாலும் முதல் முழங்கையில் ஒரு துளி, இரண்டு நாள் பொறு, வெடிப்பில் இரத்தம் வந்தால் தொடாதே, முகத்துக்குக் கிட்டவும் கொண்டுபோகாதே என்று கண்டிப்பாகச் சொன்னாள். கடைசிச் சொல்லை ஒருத்தரும் மறுத்துக் கேட்கவில்லை. அவளுடைய முகம் எல்லாருக்கும் தெரியும்.

அப்படித்தான் அழகுக்காகத் தொடங்கினவள் குதிக்கால் வைத்தியராக முடிந்தாள். பளையில் இருந்துகூட ஆட்கள் வந்தார்கள். தங்கம்மாவும் வந்தா, தன் காலுக்கு இல்லை, அயலில் ஒரு ஆளின் காலுக்கு என்று சொல்லிக்கொண்டு. பள்ளிக்கூடத்து ஆட்டோகிராஃபில் ஒரு பிள்ளை, "எங்கள் பாதங்களை மறக்காத ரீச்சருக்கு" என்று எழுதிக் கொடுத்தாள்.

2006 ஆகஸ்டில் சண்டை திரும்ப மூண்டு பாதை மூடப்பட்டது. ஸஹீலாவின் கடைக்கும் பரந்தனுக்கும் நடுவில் திரும்பவும் இலேசில் தாண்ட ஏலாத தூரம் வந்தது. அரிசியும் மண்ணெண்ணெயும் தேடுகிற நேரத்தில் அசிட்டை ஆர் நினைப்பார்கள்? கையில் இருந்ததை இன்னும் மெல்லிசாக்கி, துளி துளியாகக் கொடுத்து, ஐப்பசி வரைக்கும் இழுத்தாள்.

கடைசிப் போத்தலும் கவிழ்த்துக் காயவைத்த பிறகுதான் பேச்சியம்மா வந்தா. மலைநாட்டில் இருந்து எழுபதுகளில் வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறின குடும்பம். நாள் முழுக்கத் தோட்டத்தில் நிற்கிற கால். இரண்டு குதியும் காய்ந்த குளம் மாதிரி வெடித்திருந்தது.

"ரீச்சரம்மா, உங்க மருந்துக்காக நாலு மைல் நடந்து வந்திருக்கேன்," என்றா.

இல்லை என்று எப்படிச் சொல்வது? ஜெயரூபினி அவாவைக் கதிரையில் இருத்தி, ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, காலை ஊறவைத்தாள். அரை மணித்தியாலம் கழித்துத் துடைத்து, தேங்காய் எண்ணெயை நன்றாகத் தேய்த்து, பழைய துணியால் சுற்றிக் கட்டிவிட்டாள்.

"அம்மா, அசிட் முடிஞ்சுபோச்சு. அது வரும்வரைக்கும் தினமும் இப்பிடிச் செய்யுங்கோ. இது சும்மா கைவைத்தியம்தான்."

இரண்டு கிழமையால் பேச்சியம்மா ஒரு பூசணிக்காயோடு திரும்பி வந்தா. காலை நீட்டிக் காட்டினா. வெடிப்பு முக்கால்வாசி மூடியிருந்தது.

"நல்லாயிருச்சு ரீச்சரம்மா. அந்த அசிட்டு வேணாம். பக்கத்து வீட்டுக்காரிக்கு நீங்க முன்னாடி குடுத்ததை விட இது சுருக்கா கேட்டிருக்கு. இதையே எல்லாருக்கும் சொல்லியிருக்கலாமே?"

மூன்று வருசம், ஒரு கொப்பி, ஓமந்தை, ஒரு முகம். ஜெயரூபினி பூசணிக்காயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சொல்லியிருக்கலாம்தான் அம்மா," என்றாள். "ஆனா அதுக்குப் பத்தாம் வகுப்பு விஞ்ஞானம் தேவைப்படாதே."

பேச்சியம்மாவுக்கு அது விளங்கவில்லை. உள்ளே சோறு தின்றுகொண்டிருந்த தோமஸுக்குத்தான் புரையேறியது.